முதலாளியின் இடது கை

— ஆட்டாதீங்க சார். சுண்டு விரல் ஆடுது.

— நான் எங்கம்மா ஆட்டுறேன், அதுவா ஆடுது. வாளிக்குள்ள ஐஸ் கட்டியா போட்டு வச்சிருக்கே? முழங்கை வரைக்கும் ஜில்லுங்குது.

— பச்சத் தண்ணியில கலக்கினது சார். பல் டாக்டர் பல்லுக்கு அளவெடுக்க வாயில வைப்பாரே, அதே மாவு. இறுகினதும் கையை உருவிட்டு உள்ள பிளாஸ்டர் ஊத்தினா, உங்க கை அப்படியே வந்துடும்.

— எவ்வளவு நேரம்?

— ஒரு இருபது நிமிஷம். அதுவரைக்கும் ஸ்டூலை விட்டு எந்திரிக்கக் கூடாது. கையை இழுக்கக் கூடாது. முக்கியமா, கோவப்படக் கூடாது.

— எனக்கென்ன கோவம்? பத்தொன்பது வருஷமா கடைகளுக்குப் பொம்மை செஞ்சு குடுக்கறேன். என் கையைப் பார்த்து ஒருத்தியும் ‘இதை அச்செடுக்கணும் சார்’னு கேட்டதில்ல. இந்தப் பொம்மையை எந்தக் கடை வாசல்ல நிறுத்தப் போறே? கோட்டு சூட்டுதானே? கையில ஒரு பெட்டி குடுத்துடு, எடுப்பா இருக்கும்.

— கடைக்கு இல்ல சார்.

— பின்ன?

— ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு.

— காய்கறிக் கடையில பொம்மையை வச்சு என்னம்மா பண்ணுவான்?

— பொம்மை இல்ல சார். அவருக்கே. முன்னாடி அச்சகத்துல இருந்தவரு, மெஷின்ல மாட்டி இடது கை போயிடுச்சு. செயற்கைக் கை மையம் இருக்கில்ல, அங்கதான் அவருக்குக் கை செய்யறாங்க. நான் செய்யறேன்.

— நீ எப்படி? நீ இங்கதானே கை செய்யறே?

— ரெண்டு வருஷமா சாயங்கால வகுப்புக்குப் போறேன் சார்.

— அதான் அஞ்சரை ஆனா பறக்கறியா? நான் வீட்ல ஏதோ பிரச்சனைன்னு நெனச்சு ஒரு வார்த்தை கேக்காம இருந்தேன்.

— ஆடுது சார், ஆடுது.

— சரி, சரி. சொல்லு. அந்த ஆளுக்கு ஏன் என் கை?

— அவருக்கு மிச்சம் இருக்கற வலது கை எப்படி இருக்கோ, அதுக்கு ஜோடியா இடது கை இருக்கற ஒருத்தரைத் தேடி அச்செடுத்து, அதுலேர்ந்துதான் செய்யணும். அவர் கை அகலம், குட்டை விரல், கட்டை விரல் லேசா வெளிய வளைஞ்சிருக்கும். ஒரு மாசமா பஸ்ல எல்லார் கையையும் பார்த்துட்டு வந்தேன். ஒருத்தர் திட்டிட்டு வேற சீட்டுக்கே போயிட்டாரு. அப்புறம் போன வாரம் நீங்க என்னைத் திட்டினீங்க.

— எதுக்கு?

— ஞாபகமில்ல சார். திட்டும்போது நீங்க இடது கையைத்தான் ஆட்டுவீங்க. ஒன்பது வருஷமா என் மூக்குக்கு முன்னாடி ஆடுற கை, அன்னைக்குத்தான் சரியாப் பார்த்தேன். ‘அட, இதேதான்’னு சிரிச்சுட்டேன். அதுக்கும் சேர்த்து திட்டினீங்க.

— அடடடா! அதுக்கா சிரிச்சே? ஏம்மா, உனக்கு எதுக்கு இன்னொருத்தன் கை? இந்த ஊரு கடைங்கள்ல நிக்கிற பொம்மைக்கெல்லாம் கை உன்னுதுதானே? உன் பாட்டுக்குச் செஞ்சு குடுத்திருக்கலாமே.

— அப்படித்தான் செஞ்சேன் சார். மானம் போச்சு.

— ஏன்?

— நம்ம பழக்கத்துல நீள நீளமா விரல் வச்சுட்டேன். நகம் பாதாம் பருப்பு மாதிரி. சுண்டு விரலைக் கொஞ்சம் தூக்கி வேற விட்டிருந்தேன். வகுப்புல எல்லாரும் கை தட்டினாங்க. அவர் போட்டுப் பார்த்துட்டு, ‘யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு கை மாதிரி இருக்கும்மா. பையைப் பிடின்னு சொன்னா கோச்சுக்கும்’னாரு.

— ஹஹ்ஹா!

— சிரிக்காதீங்க சார், வாளியே குலுங்குது. அவர் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா. நாலு வயசு. தொட்டுப் பார்த்துட்டு, ‘இது யார் கைப்பா?’ன்னு கேட்டா.

— ம்.

— அவர் சிரிச்சுட்டாரு. எனக்குத்தான் முடியல. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதே கேள்விதான். நாம செய்யற கையை யாரும் அப்படிக் கேக்கறதில்ல சார். கேக்கவும் தேவையில்ல. ஆனா நான் அந்தக் கேள்வி வர்ற இடத்துலதான் வேலை செய்யணும்னு தோணிச்சு. அவ ஒண்ணும் கேக்காம அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு நடக்கணும்.

— நல்ல விஷயம்தான். சாயங்காலத்துல செய், யார் வேணாம்னா?

— சாயங்காலத்துல முடியாது சார். திங்கட்கிழமையிலேர்ந்து அங்க பயிற்சிக்குச் சேரச் சொல்லிட்டாங்க. முழு நேரம். ரெண்டு வருஷம்.

— என்னது?

— இழுக்காதீங்க! சார், சார், இழுக்காதீங்க. கடைசி பாக்கெட் மாவு. விரல் பக்கம் கிழிஞ்சா எல்லாம் போச்சு.

— நீ வேலையை விடறேங்கறே, நான் வாளியில கையை விட்டுட்டு உக்காந்திருக்கணுமா?

— நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள, நீங்க என்னை அனுப்பி வைக்கறதா ஒரு லெட்டர் குடுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்கு இடம் போயிடும். இதோ, டைப் அடிச்சுக் கொண்டு வந்திருக்கேன். பேனாவும் இருக்கு.

— ஓஹோ. அதான் வலது கையை வெளிய விட்டு வச்சிருக்கியா!

— அவருக்கு இடது கைதான் சார் வேணும். அது தற்செயல்.

— தற்செயலாம்! கைக்காரம்மா, உன்னை நான் வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்.

— பூச்சிதான் சார். இந்த லெட்டரைப் பதினோரு தடவை எழுதிக் கிழிச்சேன். மூணு தடவை உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டு, டீ வேணுமான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன். நீங்க எந்திரிச்சுப் போக முடியாத மாதிரி உக்காந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்னு தெரிஞ்சுது.

— யாரும்மா அங்க கதவுகிட்ட? பெயின்டர் அக்காவா? உள்ள வாங்க. நீங்களும் இதுல கூட்டா?

— கூட்டு இல்ல முதலாளி, காவல். நடுவுல யாராவது வந்து உங்களை ஃபோனுக்குக் கூப்பிட்டுட்டா? அதான் நிக்கறேன். இந்தாங்க, ரப்பர் ஸ்டாம்பு.

— ஸ்டாம்பு வேறயா! இமை வரையறதை விட்டுட்டு இந்த வேலை. சரிக்கா, இவ போனா ஜவுளிக் கடை ஆர்டருக்கு யார் கை செய்யறது?

— நான்தான் முதலாளி. மூணு மாசமா எனக்குச் சொல்லிக் குடுத்துட்டா. கண்ணுல ஒவ்வொரு முடியா வரையறேன், அஞ்சு விரல் எனக்கு ஒரு பெரிய விஷயமா? போன தடவை நீங்க தட்டிக் குடுத்து அனுப்பினீங்களே எட்டு ஜோடி, அது என் கைவேலை.

— அது இவ செஞ்சது இல்லையா?

— பார்த்தீங்களா! வித்தியாசம் தெரியல இல்ல? இவ நோட்டு ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கா. முப்பத்திரண்டு பக்கம். அதைப் பார்த்தா நீங்களே செஞ்சுடலாம்.

— காட்டுங்க. இந்தக் கையில குடுங்க. ‘மெழுகு சூடு ஆறும் முன் மணிக்கட்டைத் திருப்பவும்.’ ம். நல்லாத்தான் இருக்கு. ‘முதலாளி திட்டினால் இரண்டு நிமிடம் பதில் பேசாமல் நிற்கவும். பிறகு அவரே டீ சொல்வார்.’ இதையுமா எழுதினே?

— முறைன்னா முழுசா இருக்கணும்ல சார்.

— நான் கிளம்பறேன் முதலாளி. நீங்க ரெண்டு நிமிஷம் முடிச்சுக்கோங்க, டீ நானே சொல்லிடறேன்.

— போங்க, போங்க. ஏம்மா, வீட்டுக்காரர் என்ன சொன்னாரு? பாதி வருமானத்துல என்ன பண்ணப் போறீங்க?

— ரெண்டு நாள் பேசல சார். மூணாவது நாள் காலைல பார்த்தா, என் பழைய சைக்கிளைத் துடைச்சுக் காத்தடிச்சு வச்சிருந்தாரு. காலைல மையம் பக்கம் பஸ் கிடையாது. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு மாமியார் வீட்டு மாடிக்குப் போறோம்.

— உன் மாமியாரா? ஒரு தடவை இங்க வந்து, ‘இத்தனை பேரை இப்படித் துணியில்லாம நிறுத்தி வச்சிருக்கியே, வெக்கமா இல்லையா?’ன்னு என்னைப் புடிச்சுத் திட்டினாங்களே, அவங்களா?

— அவங்களேதான். இப்ப ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. ‘ஒருவழியா மனுஷங்க பக்கம் வேலைக்குப் போறா’ன்னு எதிர் வீடு வரைக்கும் சொல்லியாச்சு.

— உனக்கு பயமில்லையா?

— இருக்கு சார். அங்க கூடப் படிக்கறதெல்லாம் இருபது வயசுப் பசங்க. எனக்கு முப்பத்திமூணு. எலும்பு பேரு, நரம்பு பேரு எதுவும் மனசுல நிக்கல. முதல் கையே தப்பாப் போச்சு. ரெண்டாவதும் தப்பாப் போகலாம்.

— போனா?

— மூணாவது செய்யணும்.

— அதுவும் சரியா வரலைன்னா இங்க வந்துடு. உன் டேபிளை அப்படியே வச்சிருக்கேன்.

— வேண்டாம் சார்.

— என்னம்மா, நல்லதுக்குத்தானே சொல்றேன்?

— தெரியும் சார். ஆனா டேபிள் இருக்குன்னு தெரிஞ்சா முதல் பரீட்சை அன்னைக்கே ஓடி வந்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். நாளைக்கே அக்காவை அந்த டேபிள்ல உக்கார வச்சுடுங்க.

— பிடிவாதக்காரி. மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும்னு விதி இருக்கு, தெரியுமில்ல?

— தெரியும் சார். அதை நீங்க மன்னிச்சதா ரெண்டாவது பத்தியில எழுதியிருக்கேன்.

— நானே எழுதின மாதிரியா! எவ்வளவு பெரிய மனசு எனக்கு. ‘மகிழ்ச்சியுடன் அனுப்பி வைக்கிறேன்’னு வேற போட்டிருக்கே. எனக்கு மகிழ்ச்சின்னு உனக்கு யார் சொன்னா?

— வேணும்னா அந்த வார்த்தையை அடிச்சுடுங்க சார்.

— இரு, இரு. அந்த ஆளு கடையில என் கை என்னல்லாம் செய்யும்?

— பையை அழுத்திப் பிடிக்கும். முட்டைக்கோஸ் தராசுல உருளாம முட்டுக் குடுக்கும். நகத்துல கறை, விரல்ல ஒரு பழைய வெட்டு, அதெல்லாம் அவரோட வலது கையைப் பார்த்து நான் போட்டுடுவேன். அளவு மட்டும்தான் உங்களுது. சாயங்காலம் அந்தப் பொண்ணு புடிச்சுக்கிட்டுப் போவா.

— யாரையும் திட்டாதே?

— திட்டாது சார்.

— பேனாவைக் குடு. லெட்டரை அசையாமப் புடி, என்கிட்ட இப்ப ஒரு கைதான் இருக்கு. எங்க போடணும், இங்கயா?

— அங்கதான் சார். அப்புறம் கீழ தேதி.

— ஸ்டாம்பை நீயே குத்து. அழறியா?

— இல்ல சார். மாவுத் தூசி.

— ஈர மாவுல ஏதும்மா தூசி? ‘மகிழ்ச்சியுடன்’ இருக்கட்டும், நான் அடிக்கல.

— சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது. இருபது நிமிஷம்னு சொன்னது பொய். அது எப்பவோ இறுகிடுச்சு. நீங்க கையை உருவிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம். உங்களை ஏமாத்தி வாங்கின கையெழுத்து இது. வேண்டாம்னா கிழிச்சுடுங்க.

— அடி கைக்காரி, இந்தக் கம்பெனியோட முதல் நூறு கைக்கு இதே மாவுல அச்செடுத்தவன் நான். அஞ்சு நிமிஷத்துல இறுகிடும்னு எனக்குத் தெரியாதா? இறுகிடுச்சுன்னு தெரிஞ்ச அப்புறம்தான்மா பேனாவைக் கேட்டேன்.