ஒவ்வொரு மிதவைக்கும் ஆறு ஈயக்குண்டு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அன்பரசன் ஐயா அவர்களே, வலைக்கூடத்துப் பெரியோர்களே, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே, வடிவுடையம்மன் அருளால் அனைவருக்கும் வணக்கம்!

என் மகள் நீலா மாவட்ட அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வென்றுவிட்டாள். எதற்கு? உப்புக்கு! முன்வரிசையில் ரோசி சிரிக்கிறாள், உப்புக்கெல்லாமா விழா என்று. சிரி தாயி! அம்மன் சந்நிதியில் கொட்டுகிறோமே கல்லுப்பு, அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்ததுண்டா? உளி படாத கட்டம், ஊனம் இல்லாத மூலை. யார் அளந்தது? யார் அடுக்கியது?

நீலாவின் புத்தகத்தைச் சமையலுக்கு நடுவே நானும் படித்தேன். சோடியத்துக்கு நேர்மின்சுமை, குளோரைடுக்கு எதிர்மின்சுமை. மேலே, கீழே, இடம், வலம், முன், பின் என ஒவ்வொன்றையும் எதிரானவை ஆறு சூழ்ந்து பிடித்திருக்கும். அந்தப் பிடிதான் உப்பு!

அந்த அடுக்கைத்தான் நீலா கண்காட்சிக்காக வலைச் சாமானில் செய்ய நினைத்தாள். பெரிய மிதவை குளோரைடு, சின்ன ஈயக்குண்டு சோடியம். பரிசு வராவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு இறால் உரிக்கப் போகவேண்டும் என்று சொல்லியிருந்த என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம், மனம் கேட்காமல் உதவிக்கு உட்கார்ந்தார். அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கட்டியும் முடித்தார். எப்படி? மிதவையெல்லாம் மேலே, ஈயமெல்லாம் கீழே! சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டு ஆண்களும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். மறுநாள் கண்காட்சி.

"ஈயம் மேல போனா வல கவுந்துடும்மே" என்றார்.

"இது வல இல்ல நைனா, உப்பு."

இருவரும் அவிழ்த்து, மாற்றி மாற்றிக் கட்டினார்கள். ஆனால் அவர் கட்டியதில் ஒரு துண்டை மட்டும் நீலா அவிழ்க்கவில்லை.

கண்காட்சியில் நடுவர் கேட்டார்: இவ்வளவு இறுக்கமான உப்பு, ஒரே தட்டில் ஏன் நேராகப் பிளக்கிறது? பக்கத்துப் பள்ளிகளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, என் மகள் அந்தத் துண்டை உயர்த்தினாள். அடி விழுந்தால் ஓர் அடுக்கு ஓரிடம் நகரும், மிதவைக்கு எதிரே மிதவை, ஈயத்துக்கு எதிரே ஈயம் வந்து நிற்கும், ஒன்றையொன்று தள்ளும், கல் பிளக்கும் என்றாள்.

"இது எங்க நைனா கட்னது. இப்டி நின்னா உப்பு நிக்காது சார்."

அரங்கமே அதிர்ந்தது! கைதட்டல் அடங்குமுன், என்னோடு கூட்டத்தில் நின்ற என் வீட்டுக்காரர் மகளிடம் போனார்.

"நீ படிம்மே. எறா தானா உரிஞ்சிக்கும்."

தாய்மார்களே, இதைவிட எனக்கு வேறென்ன வெற்றி வேண்டும்? வருகிற ஆண்டு வேதியியல் படிக்கப் போகிறாள் எங்கள் குப்பத்துப் பெண்! மேடை தந்த தலைவருக்கும், மனமாரத் தட்டிய கைகளுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். நீலா, மேலே வாம்மா. நைனாவையும் கூட்டிக்கொண்டு வா.