செய்யாதவற்றை முதற்பக்கத்தில் எழுதிய எங்கள் திட்ட மேலாளருக்கு

ஆசையோடு வந்தவர்க்கெல்லாம் அளவு சொல்லி அனுப்பியவரே! கேட்டதையெல்லாம் தருவோம் எனக் கிளிப்பிள்ளைபோல் சொல்லாமல், கேட்காமல் விட்டதைக் கேட்டுக் கேட்டே கெட்டியான திட்டம் தந்தவரே! கணினியில் ஒரு வரி எழுதப்படும் முன் காகிதத்தில் நூறு வரி அடித்தவரே! முப்பத்தோர் ஆண்டுகள் இந்நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் முகம் சுளிக்காமல் (மடலில் பொய் எழுதக்கூடாது, முகம் சுளித்தாலும் முறை தவறாமல்) பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் திட்ட வரையறைப் பிரிவின் மூத்த மேலாளரே! தங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த வணக்கம்.

தங்கள், தாங்கள் என்றே தொடர்ந்து எழுதினால் யாரையோ சொல்கிறார்கள் என்று நீங்களே பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே இனி நீங்கள் என்றே எழுதுகிறோம்.

விடைபெறும் நாளில் நிறைகளை அடுக்கிக் குறைகளை மறப்பது வழக்கம். இம்மடல் ஒரு குறையைப் பேசாமல் முடியாது. முப்பத்தோர் ஆண்டுப் பணிப்பதிவில் உங்கள் மீது ஒரே ஒரு கண்டனக் குறிப்பு இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக அது உங்கள் கோப்பில் கிடக்கிறது. அது அங்கே இருக்க வேண்டியதன்று. அதைத் திருத்தாமல் உங்களுக்கு மாலை போட எங்களுக்குக் கை வரவில்லை. இயக்குநர் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்த வேளையிலேயே அதைப் பேசிவிடுகிறோம். அதற்கு முன், நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

வந்திருக்கும் உங்கள் கணவருக்கும் மகளுக்கும் ஒரு வார்த்தை. "அம்மா ஆபீஸ்ல என்னதான் பண்றாங்க?" என்று மகள் பள்ளிப் பருவத்தில் கேட்டதாகவும், "கேள்வி கேக்குறேன்டி" என்று நீங்கள் பதில் சொன்னதாகவும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அது முழு உண்மை. பிற நிறுவனங்கள் தத்தம் தொழிலுக்கு ஏற்ற மென்பொருளைச் செய்து தரச் சொல்லி இங்கே வருகின்றன. அவர்களுக்கு என்ன வேண்டும், அதில் எதைச் செய்யலாம், எத்தனை பேர் எத்தனை வாரம் உழைக்க வேண்டும் என்று அளந்து எழுதுவதே எங்கள் பிரிவின் வேலை. இங்கே ஒரு சாண் பிசகினால் அங்கே ஒரு முழம் சறுக்கும்.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு திட்டத்திலும் முதற்பக்கத்தின் தலைப்பு, "இத்திட்டத்தில் நாங்கள் செய்யாதவை" என்பதே. செய்பவற்றைத் தேடி மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டும். இதனால் விற்பனைப் பிரிவினர் உங்களுக்கு 'வேண்டாம் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் இன்றுவரை நம்புகிறார்கள். ஒருமுறை மருந்து மொத்த வியாபாரி ஒருவர் மேசையைத் தட்டி, "எங்களுக்கு எல்லாமே வேணும் மேடம்" என்றார். நீங்கள் குரல் உயர்த்தவில்லை. "எல்லாம் வேணும்னா எதுவும் வராது சார். திங்கட்கிழமை காலையில கடையத் திறந்ததும் முதல்ல எதைப் பார்ப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அவர், "காலாவதி ஆகப் போற சரக்கு" என்றார். அங்கிருந்துதான் அந்தத் திட்டம் தொடங்கியது. அவர் பதினாறு ஆண்டுகளாக நம் வாடிக்கையாளர். இன்று பின்வரிசையில் அமர்ந்து தலையாட்டிக் கொண்டிருப்பவரும் அவரே.

வெளியாரிடம் மட்டுமா இந்தக் கண்டிப்பு! நிரல் எழுதும் எங்கள் வீரர்கள் எதைக் கேட்டாலும் "ரெண்டு வாரம் மேடம்" என்பார்கள்.

"போன தடவையும் ரெண்டு வாரம்னுதான் சொன்னீங்க. எத்தனை வாரமாச்சு?"

"ஆறு."

"அப்ப ஆறுன்னே எழுதிக்கட்டுமா?"

இந்த உரையாடல் எங்கள் கூட்ட அறையில் குறைந்தது நானூறு முறை நடந்திருக்கும். ஒருமுறைகூட நாங்கள் முன்கூட்டியே ஆறு என்று சொன்னதில்லை. பட்டும் புத்தி வராதவர்களை வைத்துக்கொண்டு, எங்கள் விடுமுறை நாட்களையும் வீட்டு விசேஷங்களையும் காப்பாற்றித் தந்தவர் நீங்கள். பொய்யான வாரக்கணக்கு கடைசியில் யார் தலையில் விடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களில் நாங்கள் நிற்கிறோம் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். அதற்காக எங்கள் வீடுகளும் உங்களுக்கு நன்றி சொல்கின்றன.

இனி அந்த மூன்று நாள் வழக்கம். எந்தத் தொழிலுக்குத் திட்டம் எழுதினாலும், அந்த வேலை நடக்கும் இடத்தில் மூன்று நாள் நிற்காமல் நீங்கள் எழுதியதில்லை. முதலாளியின் அறையில் அல்ல. மூட்டை இறங்கும் இடத்தில், சீட்டு எழுதும் மேசையில். "முதல் நாள் எல்லாரும் நமக்காக நடிப்பாங்க. ரெண்டாம் நாள் நம்மள மறந்துடுவாங்க. மூணாம் நாள்தான் வேலை கண்ணுக்குத் தெரியும்" என்பீர்கள். மீன் பதப்படுத்தும் குளிர்க் கிடங்கில் இரவல் சட்டை போட்டு மூன்று நாள் நின்றுவிட்டு, மூக்கைச் சிந்தியபடி வந்து பதினெட்டுப் பக்கம் எழுதிய காட்சியை மறக்க முடியுமா!

அந்த வழக்கத்தை நாங்கள் மீறிய கதைதான் உங்கள் கோப்பில் இருக்கிறது.

ஏழு ஆண்டுகளுக்கு முன், நாற்பது தங்கும் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் துவைத்துத் தரும் பெரிய சலவை நிலையம் ஒன்று நம்மிடம் வந்தது. எந்த விடுதியின் துணி எங்கே இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் வேண்டும் என்றார்கள். அப்போது உங்கள் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. நீங்கள் மூன்று வாரம் விடுப்பு. மருத்துவமனை வராந்தாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "மூணு நாள் நில்லுங்க. மேனேஜர் ரூம்ல மட்டும் உட்காராதீங்க" என்றீர்கள்.

எங்களில் நால்வர் போனோம். உள்ளே நீராவி, உட்கார இடமில்லை, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பணியில் சேர்ந்து நான்கே மாதமான அந்நிலைய மேலாளர் எங்களைக் குளிர்ந்த அறைக்கு அழைத்துப் போய்ப் பலகையில் அழகாகப் படம் வரைந்தார். ஒவ்வொரு விடுதியின் துணியும் தனியே வரும், தனியே துவைபடும், அதே விடுதிக்குத் திரும்பும் என்றார். பிஸ்கட்டும் நன்றாக இருந்தது. மதியத்துக்குள் திரும்பிவிட்டோம். நாற்பத்திரண்டு கணினித் திரைகள் கொண்ட திட்டம் தயாரானது. "களத்தில் நின்ற நாட்கள்" என்ற கட்டத்தில் "மூன்று" என்று எழுதப்பட்டது. விடுப்பு முடிந்து வந்த நீங்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டீர்கள்.

ஒன்பது வாரம் கழித்து முதல் சோதனை. துணி மடிக்கும் மேசையில் நின்ற அம்மா திரையை ஏற இறங்கப் பார்த்தார். "இது எந்த ஓட்டல் விரிப்புன்னு கேக்குதே! வெள்ளை விரிப்பெல்லாம் எங்க சொந்தம்ங்க, வாடகைக்குத்தான் விடுறோம். அளவு பார்த்து அடுக்கி, யாருக்கு எத்தனை வேணுமோ எண்ணி அனுப்புவோம். பேர் தச்ச துண்டு மட்டும்தான் அவங்கவங்களுக்குத் திரும்பப் போகும். இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே. நீங்க யாரையும் கேக்கலியா?" என்றார். ஒன்பது வார உழைப்பு அந்த மேசையிலேயே மடிந்தது.

விசாரணைக் கூட்டத்தில் இயக்குநர் ஐயா, "யார் போய்ப் பாத்தது?" என்று கேட்டார். நீங்கள் எழுந்து, "கையெழுத்து என்னுது சார். நான்தான் சரியா பாக்கல" என்றீர்கள். கண்டனக் குறிப்பு உங்கள் கோப்புக்குப் போனது. அந்த மாதம் உங்களுக்கு வரவிருந்த துறைத்தலைவர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. நீங்கள் மறுநாளே சலவை நிலையத்துக்குப் போய், "நாங்க தப்பா எழுதிட்டோம்" என்று முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டு, நீராவியில் மூன்று நாள் நின்றீர்கள். நாற்பத்திரண்டு திரைகள் பதினான்காயின. அந்த மென்பொருள் இன்றும் ஓடுகிறது.

இதுவரை நாங்கள் என்று எழுதினேன். இங்கே அது செல்லாது. "மூன்று" என்று எழுதியவன் நான். அரை நாள் என்று உண்மையை எழுதினால் நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள் என்று தெரிந்தே எழுதினேன். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு எதிரே நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், மேடம். அந்தச் சோற்றை நீங்கள் சாப்பிட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மூன்று நாள் அந்த மேசையருகே நின்றவருக்கு, நாங்கள் எத்தனை நேரம் இருந்தோம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. சென்ற வாரம், உங்கள் பொறுப்பை ஏற்கப் போகிறவன் நான் என்று அறிவிப்பு வந்தது. பரிந்துரைத்தவர் நீங்கள் என்றார்கள். அன்றிரவே இம்மடலை எழுத உட்கார்ந்தேன்.

இயக்குநர் ஐயா! அந்தக் குறிப்பை அவர் கோப்பிலிருந்து எடுத்து என் கோப்பில் வையுங்கள். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் நான் உட்காரலாமா என்பதை அதன்பின் முடிவு செய்யுங்கள். கையெழுத்துக்காக இம்மடலைச் சுற்றுக்கு விட்டபோது, சலவை நிலையத்துக்கு என்னுடன் வந்த மூவரும் அதைப் படித்தார்கள். பிறகு, தெரிந்தும் பேசாமலிருந்ததற்குத் தங்களையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

அளந்து வாழ்ந்த அன்னையே! ஆண்டு பல கடந்தும் அலுக்காத உடலோடும், அசையாத உறுதியோடும், அன்புக் கணவரும் அருமை மகளும் அருகிருக்க, அவசரமே இல்லாத காலைகளை அள்ளி அள்ளிப் பருகுக! நோயற்று, நோவற்று, எங்கள் யாருடைய பிழையையும் இனிச் சுமக்காமல் நெடுங்காலம் வாழ்க!

நன்றி மறவாத,
திட்ட வரையறைப் பிரிவு ஊழியர்கள் இருபத்தாறு பேர்

எழுதியவன்,
சலவை நிலையத்தில் அரை நாள் மட்டுமே இருந்தவன்