புண்பட்ட கால்

அன்று பெரிய வியாழன். எண்ணூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் சாப்பாட்டுக் கூடை.

"ஃபாதர் நம்ம காலக் கழுவணும்னா, நாம மொதல்ல கழுவிகினு போணுமாம்க்கா."

"இன்னாடி சொல்ற?"

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நினைவாக அன்று மாலை பாதிரியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். இளையவளின் புருஷனும் அதில் ஒருவன்.

"மீன் புடிக்க பவர் ஹவுஸ் சாம்பத் தண்ணில நின்னு நின்னு அவருக்குக் கால்ல புண்ணு கீதுல்ல? போன வாரம் சர்ச்சு உபதேசியார் பாத்துட்டு, 'யூடியூப்ல லைவ் போவுது, இந்தக் காலோட வராத'ன்ட்டாரு. இந்த மனுசன் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிக் கழுவிகினாரு."

"அய்யோ, புண்ணு மேலயா?"

"சீ வெச்சிகிச்சு. சக்கரை வேற. இன்னிக்கு சாயந்தரம் ஆஸ்பத்திரில முட்டிக்குக் கீழ கால எடுக்கறாங்க."

திருவொற்றியூர் தாண்டியதும் மூத்தவள் கேட்டாள்.

"சர்ச்சுல சொன்னியா?"

"சொன்னேன். 'கவலப்படாதம்மா, அவரு எடத்துக்கு வேற ஆளு போட்டாச்சி. பன்னெண்டு பேரு கொறையாது'ன்னாங்க."