மேலயும் கீழயும் கருப்பு

இல்லீங்க தம்பி, டிவில கோளாறே இல்லைன்னு ஒரே வார்த்தைல சொல்லிப்போட்டுக் கெளம்பப் பாக்காதீங்க. கடைக்குப் போன் பண்ணி உங்களை ஏற்காட்டுலருந்து கொட்டச்சேட்டுக்கு வரவெச்சதே நாந்தானுங்க. எங்க ஊட்டுக்காரர் உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனாருங்களா? பேசலையா? செரி, நம்பறேன். இனி போன் பண்ணுனாலும் எடுக்காதீங்க.

வாங்கி மூணு மாசங்கூட ஆவலை, படம் ரண்டு பக்கமும் வெட்டுப்படுது. இந்தப் படத்தையே பாருங்க. போன வருசம் நம்ம சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்துல எடுத்தாங்களே, அதுதான். கதாநாயகன் முழுசாத் தெரியறாரு, அவருகூடப் பேசறவனுக்கு மூக்கோட சரி. பாத்தீங்களா? நான் என்ன பொய்யா சொல்றேன்?

என்னது, ஜூம்ல இருக்குதா? அது தானா மாறிக்குமுங்களா? மாறாதில்ல? நீங்களே சொல்லிப்போட்டீங்க. இந்த ஊட்டுல இருக்கறது ரண்டே பேருங்க. எனக்கு அந்த ரிமோட்ல படத்தைப் போடறது, சத்தம் கூட்டறது கொறைக்கறதைத் தவிர ஒண்ணுந் தெரியாது.

நானும் கேட்டுப் பாத்தனுங்க. இம்புட்டுப் பெரிய டிவியை வாங்கிப்போட்டு மேலயும் கீழயும் கருப்பையா பாக்கறது, அதான் நெறச்சு வெச்சேன்னாரு. நாயமாத்தான் பட்டுது. அப்பறம் கவனிச்சா, மத்த படத்தையெல்லாம் கருப்போடதான் பாக்கறாரு. இந்த ஒரு படத்தை நான் போட்டா மட்டும் அவரு கை ரிமோட்டுக்குப் போவுது. எப்படி இருக்குது பாருங்க.

இன்னொண்ணு கேளுங்க. போன வாரம் காப்பித் தோட்டத்துலருந்து நான் நேரமே வந்துட்டேன். திருவிழாக் கூட்டம் அப்படியே டிவில அசையாம நிக்குது, இவரு கிட்டக்க உக்காந்து பாத்துட்டிருக்காரு. என்னைக் கண்டதும் பட்டுனு டிவியை அணைச்சுப்போட்டாரு. கண்ணு ஏன் செவந்திருக்குதுன்னா, தூசியாம். என்னை ஏமாத்திப்போட்டு அவரு மட்டும் முழுசாப் பாத்துக்கறாருங்க.

வேற டிவில பாக்கலாமேங்கறீங்களா? பக்கத்து ஊட்டுப் புவனா கூப்புட்டா, எங்க டிவில வந்து பாருங்கக்கான்னு. அவ மாமியா, நாத்தனா எல்லாம் என் மூஞ்சியவே பாத்துட்டிருப்பாங்க. நான் போவலை.

ம், மாத்திட்டீங்களா? அட, கருப்பு வந்துருச்சே. இருக்கட்டும், இருக்கட்டும், கருப்பு எம்புட்டு வேணா இருக்கட்டும். அந்தக் கூட்டம் நிக்கற எடத்துக்கு ஓட்டுங்க. இன்னுங் கொஞ்சம். நிறுத்துங்க, நிறுத்துங்க! வலது ஓரத்துல, பச்ச ரவிக்கை. இத்தன நாளா அந்த முழங்கை மட்டுந்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது.

எளச்சுப் போயிட்டா.

எங்க சசிரேகா. ஒரே புள்ள. இந்தப் படத்துல நிக்கறான்னு புவனாதான் பாத்துட்டு வந்து சொன்னா. குப்பனூர்ப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயி நாலு வருசமாச்சு. அவ பேரை எடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனவரு இவருதான்.

அஞ்சு மணிக்கு வந்துருவாரு. போறப்ப பழையபடி நெறச்சு வெச்சுப்போட்டுப் போங்க, அவருக்குத் தெரிய வேண்டாம். அதுக்கு முன்னால, எனக்குக் கண்ணுல தண்ணி மறைக்குது தம்பி, நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அவ இடுப்புல இருக்குதே, அது பொண்ணுங்களா, பையனுங்களா?