புதுக் கோச்சுக்குக் கொடுத்த றோல்ஸ்

உள்ளே கறி வைத்துச் சுருட்டிய றோல்ஸைப் பொரித்த சூட்டோடு பெட்டியில் அடைக்கக் கூடாது. வேர்த்து நமுத்துப் போகும். நன்றாக ஆறவிட்டு, அடியில் கடதாசி விரித்துத்தான் அடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அந்தப் பெட்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். மொழிபெயர்க்க வந்திருக்கும் கம்சிகா நல்ல பிள்ளை, ஆனால் கூடைப்பந்து தெரியாதாம். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

என் பெயர் டொலறஸ். கிங்ஸ்பரியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு நான் ரசிகை. என் மகன் றூபன் ஒருகாலத்தில் அதில் ஆடினான். பிறகு கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அவன் விளையாட்டை விட்டான், நான் விடவில்லை. விளையாட்டு வீரர்கள் இருக்கும் பெஞ்சுக்கு நேர் பின்னால் இருந்த கதிரை என்னுடையது. பாதி ஆட்டத்தில் பொடியன்களுக்கு றோல்ஸ் கொடுப்பதும் நான்தான். றோல்ஸ் அன்ரி என்றால் ஹரோ வரைக்கும் தெரியும். எனக்கு வேறு பட்டம் எதுவும் கிடையாது.

போன கோடையில் பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்றார். அடுத்தது கஸ்பர்தான் என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம். கஸ்பர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர், இங்கே பல வருடம் துணைப் பயிற்சியாளர். ஒரு கையில் என் றோல்ஸை வைத்துக்கொண்டே மறு கையால் அணியை நடத்துவார். கல்லூரி அவரை விட்டுவிட்டுக் கோபாலன் என்பவரை எடுத்தது. மலேசியாக்காரர், ஈப்போ ஊர். படிக்க வந்து இங்கேயே தங்கி, வார நாட்களில் கணக்காளர் வேலை செய்பவர். முதல் நாளே லப்டொப்போடு வந்தார்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது என்னைப் போலவே பழைய ரசிகரான யாக்கோப்பு அண்ணை கேட்டார்: "லப்டொப்போ பந்தை எறியப் போகுது, டொலறஸ்?" அவர் நாலு வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி மாதிரி அதிகாரமாகப் பேசுவார், ஆனால் அன்றைக்குச் சரியாகச் சொன்னார். எங்கள் ரசிகர் வட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான் யாரையும் திட்டவில்லை. ஒரு மெழுகுதிரிப் படம் மட்டும் போட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு நானும் போனேன். முன்வரிசையில் இருந்தேன். கோபாலன் ஒரு சின்ன ஊசிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு எறா, நண்டு எதுவும் ஆகாதுங்க. நான் மூச்சு முட்டி விழுந்தா, இத எடுத்துத் தொடையில குத்துங்க. எப்பவும் என் பையிலதான் இருக்கும்." மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கவனமாகக் கேட்டேன். நான் எதையும் அரைகுறையாகக் கேட்பவள் அல்ல.

அதே கூட்டத்தின் முடிவில்தான் அவர் என்னிடம் வந்தார். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. பாதி ஆட்டத்துல எண்ணெய்ப் பலகாரம் வேணாம் லா. பசங்க ஓடணும்." அடுத்த சனிக்கிழமை பொடியன்களின் கையில் வாழைப்பழம் இருந்தது. என் கதிரை எதிர்ப்பக்கச் சுவரோரம் போயிருந்தது. வயிறு எரிந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்கலாம். எரிந்தது. ஆனால் அது அணியை நினைத்து.

தொடர்ந்து வென்றோம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வென்ற விதம் சரியில்லை. எதிரணி மளமளவென்று புள்ளி எடுக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி ரைம் அவுட் கேட்க வேண்டும். கோபாலன் கேட்க மாட்டார். பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இதை யாக்கோப்பு அண்ணையும் நானும் வாரா வாரம் பேசினோம். தோற்றிருந்தாலாவது கல்லூரிக்குப் புத்தி வந்திருக்கும்.

போன சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் கோபாலன் நடுவரோடு பேசப் போனார். பை பெஞ்சில் கிடந்தது. அது அங்கே கிடப்பது வடிவாக இல்லை. எடுத்துக்கொண்டு போய் என் கார் டிக்கியில் வைத்தேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து கோபாலனிடம் நீட்டினேன்.

"தம்பி, பொடியளுக்கு இல்லை, உமக்கு. இண்டைக்கு என்ர மகன்ர பிறந்தநாள்."

"எறா ஏதும் இருக்கா, ஆன்ட்டி?"

"ஆட்டிறைச்சி, தம்பி."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆட்டிறைச்சிதான். அதோடு இறால் கருவாட்டையும் வறுத்து இடித்துச் சேர்த்திருந்தேன். வயதுக்கு மூத்தவள் கையால் நீட்டினால் நம் ஆட்கள் மறுக்க மாட்டார்கள். மலேசியாவிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. அவர் வாங்கி, முழுவதும் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றும் சொன்னார்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கியது. ஒரு கையை மேலே தூக்கினார். என் பக்கத்தில் இருந்த யாக்கோப்பு அண்ணை, "இப்பதான் ஆளுக்கு ரைம் அவுட் ஞாபகம் வருது" என்றார். பக்கத்துக் கதிரைகளில் சிரித்தார்கள். பிறகு கோபாலன் முழங்காலில் விழுந்து பெஞ்சுக்கு அடியில் தடவினார். கஸ்பர் ஓடி வந்து, "பை எங்கை, பையைக் கண்டனீங்களோ?" என்று பொடியன்களைக் கேட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. அம்புலன்ஸ் வந்தபோது நான் பெட்டியை மூடி மடியில் வைத்திருந்தேன்.

கோபாலனின் மனைவி குணசுந்தரி என் கையைப் பிடித்து அழுதாள். பாவம், நல்ல பிள்ளை. அந்தச் செத்த வீட்டுக்கு நான்தான் இரண்டு நாளும் சாப்பாடு கொண்டுபோனேன். மரக்கறிதான்.

மலேசியாக்காரருக்கு இறால் ஆகாது என்பதை எப்படி நம்புவது என்று நேற்று இதே அறையில் கேட்டேன். சம்பலிலேயே இறாலை இடித்துப் போடுகிற நாடு அது. இன்ஸ்பெக்டர் அமைதியாகக் கேட்டார்: நம்பவில்லை என்றால் பையை ஏன் எடுத்தீர்கள்? நல்ல கேள்வி. இரவு முழுவதும் யோசித்தேன். ஓம், நம்பினேன். சாகத்தான் கொடுத்தேன். கம்சிகா, அழாமல் அதை அப்படியே அவருக்குச் சொல்லும். அணிக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

காலையில் யாக்கோப்பு அண்ணை வந்து பார்த்துவிட்டுப் போனார். கஸ்பரையே பயிற்சியாளராகப் போட்டுவிட்டார்களாம். அவர் செய்த முதல் வேலை, இனி யாரும் விளையாட்டு மண்டபத்துக்குள் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரக் கூடாது என்று அறிவித்தது. பெஞ்சுக்குப் பின்னால் கதிரையும் இல்லையாம்.

யோசித்துப் பார்க்கிறேன். கஸ்பரும் அந்த வேலைக்குச் சரியான ஆள் இல்லை.