தலையை அசைக்காமல் மேலே பார்

காலையில் எழுந்ததும் பாயை உதறுவேன். வாசலுக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை உதறிக் கொடியில் போடுவேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சுவேன். ஒரு டம்ளர் டீ. குளித்துவிட்டு உத்திரமேரூர் நெல் மண்டிக்குக் கணக்கு எழுதப் போய்விடுவேன். ஒரு வருஷமாக இதில் மாற்றமில்லை.

பாண்டுரங்கன் சார், இந்த ஆண்டு விழா மலருக்கும் என்னிடம் கட்டுரை கேட்டீர்கள். 'மேரூர் மாசிலாமணியின் வாழ்வும் எழுத்தும்' என்று தலைப்பும் நீங்களே கொடுத்தீர்கள். நடுவில் என் மனைவி வளர்மதியைப் பற்றியும் நாலு வரி வந்தால் நன்றாயிருக்கும் என்றீர்கள். எழுதிவிட்டேன். இரண்டையும் பிரித்து எழுத முடியவில்லை.

மாசிலாமணி திருப்புலிவனத்தில் பிறந்தவர். மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்துகொண்டே மாத நாவல் எழுதியவர். மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவாராம். அவருடைய துப்பறிவாளர் தணிகாசலமும் ஒரு கம்பவுண்டர்தான். துப்பாக்கி கிடையாது, சட்டைப்பையில் ஒரு தெர்மாமீட்டர். அந்தக் காலத்து மற்ற நாவல்களில் கொலைகாரன் என்ன செய்தான் என்று தேடுவார்கள். தணிகாசலம், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று தேடுவார். மாமனாருக்கு மருந்து ஊற்ற மறந்த மருமகன். கிணற்றுக்குள் கயிறு விடாமல் நின்ற அண்ணன். தணிகாசலம் யாரையும் மிரட்ட மாட்டார். கடைசி அத்தியாயத்தில் அந்த வீட்டுக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார். குடித்து முடித்தபின் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குற்றவாளி தானாகப் பேச ஆரம்பிப்பான்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது காஞ்சிபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவருடைய நாவல் ஒன்று அட்டையில்லாமல் கிடைத்தது. பஸ்ஸில் படித்தேன். ஊர் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. தூங்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். கல்யாணம் ஆனபின் வளர்மதி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பாள், நான் உரக்கப் படிப்பேன். பாதிக் கதையிலேயே குற்றவாளியைச் சொல்லிவிடுவாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "ரொம்ப நல்லவனாட்டம் பேசிக்கினு கீறானே, அவன்தான்" என்பாள்.

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது 'விடியற்கால விருந்தாளி'. தரையில் தூங்கும் ஒரு பெண்ணைக் கட்டுவிரியன் கடிக்கிறது. வலி இல்லை, தடம் இல்லை. விடிந்ததும் வயிற்று வலி என்கிறாள். வீட்டார் கஷாயம் கொடுக்கிறார்கள். தணிகாசலம் வந்து, "தலையை அசைக்காமல் மேலே பார், அம்மா" என்கிறார். அவள் பார்க்க முயல்கிறாள். இமை ஏறவில்லை. இது விரியன் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நல்லவனாகத் திரியும் கணவனுக்கு அது விடிகாலையிலேயே தெரிந்திருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

போன வருஷம் அவருடைய நூற்றாண்டு விழாவுக்கு நாவல் தொகுப்பு போடலாம் என்று முடிவானபோது, இதை மட்டும் விட்டுவிடலாம் என்றீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் விழாக் கமிட்டியே உட்கார்ந்திருந்தது.

"தினேஷ், கடிபட்டவளுக்கே தெரியாம பாம்பு கடிக்குமா? படிக்கிறவன் சிரிப்பான்."

"கடிக்கும் சார். அவர் எழுதினதெல்லாம் நிஜம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

நான் நாவலில் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

"கதைன்னா கொஞ்சம் பொய் இருக்கத்தான் செய்யும் தம்பி. அதுக்கேன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிறீங்க?" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு சலுகை கொடுத்தீர்கள். விழாவில் அந்தக் காட்சியை நாடகமாகப் போடுவோம், சபை நம்பினால் தொகுப்பில் சேர்ப்போம் என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

நான் கம்பவுண்டர். வளர்மதி கடிபட்ட பெண். எங்கள் வீட்டில்தான் ஒத்திகை. மண்டியிலிருந்து கொண்டுவந்த நெல் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி இடம் செய்தோம். அவளுக்கு நடிப்பு வரவில்லை. இமையைப் பாதி மூடச் சொன்னால் கண்ணடிப்பதுபோல் இருக்கும். நான் திரும்பத் திரும்பத் திருத்துவேன். பக்கத்து வீட்டுக் கீதா பார்க்க வருவாள்.

"இன்னா கம்பவுண்டரே," என்பாள் வளர்மதி, பாயில் படுத்தபடியே. "பொண்டாட்டி செத்துக்கினு கீறா. நீ நின்னு வசனம் பேசிக்கினு கீற."

"அவரு கண்ணுக்கு நீ எங்கடி தெரியுற? மாசிலாமணி கிழவருதான் தெரியுறாரு," என்பாள் கீதா.

பிறகு வீட்டிலும் விளையாட்டாகிவிட்டது. டீ கேட்டால் கண்ணைச் சொருகிக்கொள்வாள். கடைக்குப் போகச் சொன்னால் சொருகிக்கொள்வாள்.

ஆகவே விழா அன்று காலையில் அவள் கண் சொருகியபோது அது ஒத்திகை என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கும் போலீசுக்கும் நான் சொன்னது இதுதான். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. அழுதார்கள்.

நடந்தது வேறு. விடியும்போதே வயிறு வலிக்கிறது என்றாள். ஒத்திகைக்கு வந்தவர்களுக்குச் செய்த புளிசோறு மிச்சத்தைச் சாப்பிட்டதால் இருக்கும் என்றேன். வாந்தி எடுத்தாள். சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். பாயைச் சுருட்டினேன். அடியிலிருந்து கறுப்பாக, மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று வெளியே வந்து, அவசரமில்லாமல் மூட்டைகளுக்குப் பின்னால் போனது. விலங்கியல் படித்த எனக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை. நான் பாயை மூலையில் வைத்துவிட்டுக் கம்பவுண்டர் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன்.

போட்டு முடித்தபின் அவள் முன்னால் உட்கார்ந்து, "தலையை அசைக்காமல் மேலே பார்" என்றேன்.

பார்க்க முயன்றாள். இமை ஏறவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை மாசிலாமணி எழுதியிருக்கிறார். நாங்கள் ஒத்திகையில் அதை விட்டுவிட்டிருந்தோம். மனிதர் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை மறைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி பக்கம்தான். வண்டியில் பெட்ரோல் இருந்தது. ஆனால் நாவலில் அந்தப் பெண் விளக்கு வைக்கும் நேரம் வரை உயிரோடு இருக்கிறாள். அதற்குள் தணிகாசலம் அவளைக் காப்பாற்றிவிடுகிறார். மற்றதெல்லாம் சரியாக எழுதியவர் இதையும் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று நம்பினேன். காட்சி முடிந்ததும் மதியத்துக்குள் வந்துவிடலாம். அவளைப் பாயில் படுக்கவைத்தேன். வெயில் முகத்தில் விழாமல் கதவைச் சாத்தினேன்.

மண்டபத்தில் கீதா, "வளரு எங்கண்ணா?" என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன். அவளுக்குத்தான் வசனமெல்லாம் தெரியும், அவளையே படுக்கவைத்தோம். மேடை ஏறும் முன் நெற்றியை எப்படிச் சுருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அன்று சபை அசையவில்லை. நான் "மேலே பார், அம்மா" என்றபோது முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நீங்கள் மேடைக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள். "நம்ப வெச்சிட்டீங்க தம்பி, நேர்ல பார்த்த மாதிரி," என்றீர்கள். மைக்கைப் பிடித்து, நாவல் தொகுப்பில் உண்டு என்று அறிவித்தீர்கள். பொன்னாடை போட்டார்கள். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள், நான் உட்காரவில்லை. அதை நீங்களும் பிறகு பலரிடம் சொன்னீர்கள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவள் கண் பாதி திறந்திருந்தது. ஒத்திகையில் ஒருநாளும் அவ்வளவு சரியாக வந்ததில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வெயிலில் வந்தவர்கள். எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் சொம்பைக் கொடுத்துவிட்டு நான் எதிரில் உட்கார்ந்தேன். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீங்களும்தான் சார்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று நீங்கள் கேட்டீர்கள். "நீங்க போய்ட்டு வாங்க. விழா நல்லா நடக்கணும்," என்று சொன்னாள் என்றேன். அதைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் அவள் படத்துக்குக் கீழே அச்சடித்தீர்கள். வளர்மதி என்னை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. ஒத்திகைக்கு வந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

நான் அவளைத் தொடவில்லை. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. தவறு என்று பார்த்தால் அது நாவலில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரம் வரை உயிர் இருக்கும் என்று அவர் எழுதியது, கதையை இன்னும் நாலு பக்கம் நகர்த்துவதற்காக இருக்கலாம். கொஞ்சம் பொய் இருக்கும் என்று நீங்கள் சொன்னது சரி. அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். யாராவது நம்பிவிடுவார்கள்.

படத்துக்குக் கீழே இருக்கும் வரியையும் மாற்ற வேண்டும். அன்று காலை கிளம்பும்போது நான் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நாக்கு குழறியது. ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மாமா, இது இன்னான்னு உனக்குத் தெரியும். வண்டிய எடு."