சேர் அடித்த காது

விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் வெள்ளைச் சீருடையில் அவளுடைய மகளும் இருந்தார்கள். தர்மபுரத்தில் ஏறிய ஆசிரியர் ஒருவர் அவர்களைக் கண்டதும் மகளின் பக்கத்தில் வந்து நின்று தாயிடம் கேட்டார்.

"பொலிசுக்கோ போறியள், தங்கச்சி?"

"ஓம், சேர்."

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க, கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ எண்டு சொன்னது நீங்கள்தானே?"

பஸ்ஸுக்குள் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னனான்தான். எங்களையும் அடிச்சுத்தான் படிப்பிச்சவை. அதுதான் படிப்பு எண்டு நினைச்சனான். இப்ப பிள்ளைக்கு இடது காது கேக்கேல்லை. ஒரு கணக்குப் பிழைச்சதுக்கு இப்பிடியே அறையிறது?"

"கோபத்தில கை நீண்டிட்டுது. என்ர வேலை போயிடும், தங்கச்சி."

"அவளிட்ட ஒண்டும் சொல்ல மாட்டியளோ?"

அவர் குனிந்து சிறுமியின் இடது காதருகே ஏதோ முணுமுணுத்தார். சிறுமி விளங்காமல் தாயைப் பார்த்தாள்.

"அந்தக் காதுக்குக் கேக்காது, சேர். பிலத்து, சத்தமாச் சொல்லுங்கோ."

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு, பிள்ளை."

சிறுமி தலையாட்டினாள். பொலிஸ் நிலையத்தடியில் பஸ் நின்றது. தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ஆசிரியர் விலகி வழிவிட்டார்.